இருமல் மருந்துப் போத்தலில் வந்த பால்

மூச்சுக் குழாய் போட்டுப் படுக்க வைத்திருக்கும் ஒருவரைப் பார்க்க நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், அவருடைய கட்டிலின் தலைப்பக்கம் எவ்வளவு உயர்த்தப்பட்டிருந்தது என்று இப்போது சொல்ல முடியுமா? முடியாது. நீங்கள் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள், திரையில் ஓடுகிற பச்சைக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள், அழுதிருப்பீர்கள், வெளியே வந்து எந்தக் கோயிலுக்காவது நேர்ந்துகொண்டிருப்பீர்கள். தலைப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. ஜெயந்தினி பதினான்கு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள். ஹட்டனில் விஞ்ஞானம் படித்து, தாதியர் கல்லூரிக்குப் போய், இப்போது மலைநாட்டு நகரம் ஒன்றின் பெரிய ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சைப் பிரிவில், சுவாச நோயாளிகளைப் பார்க்கிறாள். விடியற்காலை பஸ்ஸில் ஏறினால், உட்கார இடம் கிடைத்த நாட்களில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வருவாள். இறங்க வேண்டிய இடம் வந்ததும் கண்டக்டர் இருக்கையைத் தட்டி, "மிஸ், ஆஸ்பத்திரி வந்திருச்சு, மிச்சத் தூக்கத்த உள்ள போயி தூங்குங்க" என்பான். உள்ளே போனால் உட்காரக்கூட முடியாது என்பதை அவனுக்கு விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெம்பு இருப்பதில்லை. சிரித்துவிட்டு இறங்குவாள்.

அவள் செய்கிற வேலையைப் பற்றி யாரும் பாராட்டிப் பேச முடியாது. ஏனென்றால் அது சரியாக நடந்தால் எதுவும் நடக்காது. மயக்கத்தில் கிடக்கும் மனிதரின் வாயை மருந்துத் தண்ணீரால் துடைத்து, பல்லை விளக்கிவிட வேண்டும். செய்யாவிட்டால் வாயில் வளர்கிற கிருமி குழாயோரமாகவே நெஞ்சுக்குள் இறங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைப் புரட்ட வேண்டும். புரட்டாவிட்டால் முதுகும் குதிகாலும் புண்ணாகும். தொண்டைக்குள் குழாயைச் சுற்றி இருக்கிற சிறிய காற்றுப் பையின் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். அது தளர்ந்தால் எச்சில் கீழே இறங்கும், இறுகினால் தொண்டை புண்ணாகும். அது குளிரான ஊர் வேறு. இயந்திரத்திலிருந்து போகிற ஈரக் காற்று பாதி வழியிலேயே குளிர்ந்து, குழாயின் வளைவில் தண்ணீராகத் தேங்கும். அதை வடிக்காமல் ஆளைப் புரட்டினால் அந்தத் தண்ணீர் நேரே நெஞ்சுக்குப் போகும். ஒவ்வொரு கட்டிலுக்கும் போகும்போதும் வரும்போதும் கை கழுவ வேண்டும். கை கழுவுகிற தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். ஜெயந்தினியின் விரல் மடிப்புகள் வெடித்து, மழைக்காலத்தில் கொழுந்து எடுக்கிற பெண்களின் விரல்களைப் போலவே இருக்கின்றன. படித்து வெளியே வந்தும் கை மாறவில்லை என்று அவளே சொல்லிக்கொள்வதுண்டு.

கட்டிலின் தலைப்பக்கம் முப்பது பாகைக்குக் குறையக் கூடாது. மல்லாக்கப் படுக்க வைத்தால் வயிற்றில் இருப்பது மேலே வந்து சுவாசப் பைக்குப் போகும். பாகையைக் காட்டுகிற கருவி பெரும்பாலான கட்டில்களில் உடைந்து மூன்று வருடமாகிறது. புதிது கேட்டு எழுதிய கடிதங்கள் எங்கேயோ பத்திரமாக இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு கட்டிலுக்கும் பின்னால் சுவரில் சிவப்பு நிற பிளாஸ்டர் ஒன்றை ஜெயந்தினி ஒட்டி வைத்திருக்கிறாள். தலையணை அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுடைய விஞ்ஞானக் கருவி.

அந்தக் கட்டில்களில் ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை மீனம்மா வந்தாள். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், வயது நாற்பத்தைந்து. மூன்று மாதமாக இருமியிருக்கிறாள். தோட்டத்து மருந்தகத்தில் மூன்று மாதமும் ஒரே இருமல் மருந்துதான் கொடுத்திருக்கிறார்கள். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்க்க யாரும் அனுப்பவில்லை. உதடு நீலமான அன்றைக்குத்தான் வாகனம் கிடைத்திருக்கிறது. வந்து ஒரு மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் போட வேண்டியதாயிற்று. "இவங்க எப்பவும் லேட்டாத்தான் வருவாங்க" என்று யாரோ சிங்களத்தில் சொன்னது ஜெயந்தினியின் காதில் விழுந்தது. மலையிலிருந்து இறங்கி வர வாகனம் இல்லாதவர்களைப் பிந்தி வந்ததற்காகக் குறை சொல்லும் இந்தப் பேச்சை அவள் முதல் வருடத்தில் எதிர்த்துப் பேசினாள், இரண்டாம் வருடத்திலும் பேசினாள். இப்போது கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கிறாள்.

ஐந்து நாளில் மீனம்மா தேறி வந்தாள். காய்ச்சல் இறங்கியது, சளி குறைந்தது. புதன்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, மறுநாள் மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்க்கலாம், தானாக மூச்சு விட்டால் குழாயை எடுத்துவிடலாம் என்றார். நாள் போகப் போகக் குழாயே ஒரு நோயாகும். அதனால் முடிந்த அளவு சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம்.

ஆனால் எழுப்புவதில் ஓர் ஆபத்து உண்டு. கண்விழிக்கிறவருக்குத் தொண்டைக்குள் ஏதோ அடைத்திருப்பது மட்டும்தான் தெரியும். பேச வராது. சுற்றி நிற்கிறவர்கள் முகமூடி போட்டிருப்பார்கள். பயத்தில் குழாயைப் பிடுங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் பழகிய குரல் ஒன்று, விளங்குகிற மொழியில், "பயப்படாதே" என்று சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும். அந்தப் பிரிவில் பன்னிரண்டு தாதிகள். தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர். வருகிற நோயாளிகளில் பாதிக்கு மேல் தமிழர்கள். இதை ஏற்பாடு செய்தவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல.

ஆகவே மீனம்மாவின் கணவர் வீரய்யாவை வரவழைக்க ஜெயந்தினி நினைத்தாள். அவருடைய போனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. அனுமதிப் படிவத்தில் இருந்த தோட்டத்து அலுவலக எண்ணுக்குப் பேசினாள். மீனம்மாவின் வீட்டு ஆட்கள் நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குக் கட்டாயம் வரட்டும், அவங்க தேறி வர்றாங்க, கண்விழிக்கும்போது பக்கத்தில் ஆள் வேணும் என்று கிளாக்கரிடம் விவரமாகச் சொன்னாள். அவர் அவசரத்தில் இருந்தார். ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற காலைப் பெரட்டில் சொல்லிவிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தார். அவர் துண்டுத் தாளில் எழுதியது முதல் வசனத்தை மட்டும்தான்.

வியாழக்கிழமை காலை, பெரட்டுக்களத்தில், நூறு பேருக்கு முன்னால் கணக்கப்பிள்ளை அந்தத் துண்டை வாசித்தார். மீனம்மாவின் சொந்தக்காரர்கள் எல்லோரும் பன்னிரண்டு மணிக்குக் கட்டாயம் ஆஸ்பத்திரிக்கு வரட்டாம்.

லயத்தில் பிறந்த யாருக்கும் அதற்கு விளக்கம் வேண்டாம். ஆஸ்பத்திரியிலிருந்து பெரட்டுக்குச் செய்தி வந்தால், அடுத்ததாகச் சாவுக்குத் தப்பு அடிக்கிறவரைத்தான் தேடுவார்கள். தேறி வருகிறவளைப் பற்றி எந்த ஆஸ்பத்திரி எந்தக் காலத்தில் ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறது? வீரய்யா கூடையைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். மீனம்மாவின் அண்ணன் சோலைமலைதான் ஆட்களைத் திரட்டினார். எட்டுப் பேர். பக்கத்து லயத்தில் மாடு வைத்திருந்தவர் வீட்டில் பால் வாங்கினார்கள். ஊற்றிக்கொண்டு வர வீட்டில் இருந்தது, மீனம்மா குடித்து முடித்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த இருமல் மருந்துப் போத்தல்.

அன்று ஆறு கட்டிலில் ஐந்தில் இயந்திரம் ஓடியது. ஒரு நோயாளிக்கு ஒரு தாதி இருக்க வேண்டும். இருந்தது இரண்டு பேர், ஜெயந்தினியும் இரேஷா என்ற சிங்களப் பிள்ளையும். மற்றவர்களில் சிலர் அந்த வருடம் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களை ஜெயந்தினி குறை சொல்ல மாட்டாள். அவளும் ஒரு விண்ணப்பத்தை நிரப்பி, அனுப்பாமல் பையில் வைத்திருந்தவள்தான்.

காலை எட்டு மணிக்கு மயக்க மருந்தை நிறுத்தினார்கள். பத்து மணிக்கு அவள் மீனம்மாவின் வாயைத் துடைத்தாள், காற்றுப் பையை அளந்தாள். இருபத்தாறு காட்டியது, இருக்க வேண்டிய அளவுதான். குழாய்த் தண்ணீரை வடித்தாள். தலையணை சிவப்புக் கோட்டில் இருந்தது. பதினொன்றரைக்கு மீனம்மாவின் கண் இமை அசைந்தது. பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்தார்கள்.

ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்பதுதான் விதி. சோலைமலையும் அவர் மனைவி நாகலெட்சுமியும் முதலில் வந்தார்கள். பால் ஊற்றுவதில் அண்ணனுக்குத்தான் முதல் உரிமையாம். வீரய்யாவும் மற்றவர்களும் வெளியே வரிசையில் நின்றார்கள். கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பில் கை கழுவும்படியும், நோயாளிக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்றும் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று சட்டம் சொல்கிறது. சட்டத்தையும் அந்த இரண்டு மொழியில்தான் வாசிப்பார்கள் போலிருக்கிறது.

வாருங்கள் என்று கையைக் காட்டிய ஜெயந்தினி, அவர்களிடம் பேச அடியெடுத்து வைத்த நேரத்தில் நாலாம் கட்டிலில் எச்சரிக்கை மணி அடித்தது. அங்கே ஒரு கிழவருக்குச் சளி அடைத்து, பிராணவாயு இறங்கிக்கொண்டிருந்தது. ஓடினாள். மூன்று நிமிடம், கூடினால் நான்கு. இரேஷா ஆறாம் கட்டிலில் கையுறையோடு ஆளைப் புரட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விட முடியாது.

ஜெயந்தினி திரும்பிப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது சுவர். சிவப்புக் கோடு தனியாகத் தெரிந்தது. அதன் மட்டத்தில் தலையணை இல்லை. உயிர் போகிறவரை நேராகக் கிடத்த வேண்டும் என்று நாகலெட்சுமி கட்டிலின் கைப்பிடியைச் சுற்றித் தலைப்பக்கத்தை இறக்கியிருந்தாள். மீனம்மாவின் வாயோரத்தில், குழாயைக் கட்டிய நாடாவுக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒழுகியது. மீனம்மா இருமினாள். கடைசி மூச்சு என்று நினைத்து நாகலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

ஜெயந்தினி ஓடி வந்தாள். கைப்பிடியைச் சுற்றினாள். தலை மேலே வந்தது. வாய்க்குள் உறிஞ்சு குழாயை விட்டாள். கலத்தில் பால் வந்தது. இன்னும் கொஞ்சம் வந்தது. காற்றுப் பையை அளந்தாள், இருபத்தைந்தில் நின்றது. பிறகு மூச்சுக் குழாய்க்குள் உறிஞ்சினாள். பழைய மஞ்சள் சளிதான் வந்தது, ஓரத்தில் மட்டும் இலேசாக வெண்மை. பிராணவாயு தொண்ணூறுக்கு இறங்கி, அங்கேயே ஆடி, மெல்ல ஏறியது. 

"என்னாண்ணே ஊத்துனீங்க?" என்று கேட்டாள்.

"பால் தாயி." சோலைமலை போத்தலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "ரெண்டு கரண்டிதான். நீங்கதானே கூப்பிட்டு அனுப்புனீங்க."

"சாகப் போறாங்கன்னு யாரு சொன்னா?"

"பெரட்டுல சொன்னாங்க, எல்லாரும் வரட்டாம்னு. அதுக்கில்லாம வேற எதுக்கு எங்கள வரச் சொல்லப்போறீங்க?"

ஜெயந்தினி போத்தலைப் பார்த்தாள். மருந்தகத்தின் சீட்டு பாதி கிழிந்து அதிலேயே ஒட்டியிருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அது எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரியவில்லை. கட்டிலை இறக்கியவள் மேலா? மூன்று மாதம் இந்தப் போத்தலைக் கொடுத்தவர்கள் மேலா? துண்டில் ஒரு வசனம் எழுதியவர் மேலா? பெரட்டில் அந்தச் செய்தி எப்படிக் கேட்கும் என்று, லயத்தில் பிறந்த தனக்கே ஏன் தோன்றவில்லை? அதுதான் அவளைப் பிறகு பல நாள் குடைந்தது. படிக்கப் போனதில் எதை மறந்தேன் என்று பஸ்ஸில் தூக்கம் வராமல் யோசித்துக்கொண்டு வருவாள்.

"அவங்க சாகல அண்ணே. முழிக்கிறாங்க. இருமுனாங்களே, அது நல்ல இருமல்" என்றாள். சோலைமலைக்கு அது உடனே விளங்கவில்லை. விளங்கியபோது போத்தலை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் நுழைக்கப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாகிறவர் வாயில் பால் ஊற்றினால் ஆன்மா சாந்தி அடையும் என்பதை நான் ஒரு கணமும் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தப் பழக்கம் ஒழிய வேண்டும். ஆனால் சோலைமலையின் தலையில் முழுப் பழியையும் போட்டுவிட்டுப் போகிற அறிவாளிகளையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. விளங்குகிற மொழியில் ஒரு வரி எழுதி வைக்காதவர்களுக்கு, விளங்கவில்லை என்று மற்றவரைக் கேலி செய்ய என்ன உரிமை?

அன்றைக்குக் குழாய் எடுக்கப்படவில்லை. சாயங்காலம் மீனம்மாவுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. மறுபடியும் மயக்க மருந்து. நெஞ்சுப் படத்தில் வலப்பக்கம் கீழே புதிதாக ஒரு மங்கல்.  தேறிய ஐந்து நாளும் கையை விட்டுப் போனது மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜெயந்தினியிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். பார்வையாளர்களை ஏன் தனியாக விட்டீர்கள்? அவள் சிங்களத்தில் எழுதினாள்: ஐந்து இயந்திரம், இரண்டு தாதி, நாலாம் கட்டிலில் மணி. நாலாம் கட்டிலை விட்டிருக்க வேண்டும் என்றால் அதையும் எழுத்தில் தாருங்கள் என்று கடைசியில் சேர்த்தாள். பதில் வரவில்லை. ஆனால் பொறுப்பில் இருந்த சிஸ்டர், பொல்லாதவர் அல்ல, அவரும் களைத்தவர்தான், இனித் தோட்டத்து ஆட்களை உள்ளே விட வேண்டாம், கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்யப் பார்த்தார். ஜெயந்தினிக்கு அன்றைக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. நின்றுகொண்டே கேட்டாள், அப்படியென்றால் அந்த அம்மா கண்விழிக்கும்போது அவளோடு தமிழில் யார் பேசுவது, நான் லீவில் இருந்தால்?  ஒருவர் மட்டும் வரலாம், உன் பொறுப்பில் என்றார் சிஸ்டர்.

அப்படித்தான் வீரய்யா உள்ளே வந்தார். முழங்கை வரை கை கழுவ வைத்தாள். சிவப்புக் கோட்டைக் காட்டி, தலை இதற்குக் கீழே வந்தால் என்னைக் கூப்பிடுங்கள் என்றாள். அவர் அந்தக் கோட்டைக் காவல் காக்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். பேசச் சொன்னால் பேச்சு வரவில்லை. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் மயங்கிக் கிடக்கும் மனைவியிடம் பேசிப் பழக்கமில்லை.

"என்னத்தங்க மிஸ் பேசுறது?"

"வீட்டுல பேசுறதத்தான்."

"வீட்டுல அதுதான் பேசும். நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

இரேஷா தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் இதை விளங்கிக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்தில் அந்த அறையில் கேட்ட ஒரே சிரிப்பு அது. கடைசியில் வீரய்யா, பத்தாம் நம்பர் மலையில் கொழுந்து முற்றிப்போய்விட்டது என்றும், கங்காணி புலம்புகிறார் என்றும், பக்கத்து வீட்டுக் கோழி இவர்கள் அடுப்பங்கரையில் முட்டையிட்டது என்றும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நாலு நாளும் வந்தார். வேலைக்குப் போகாத அந்த நாலு நாளுக்கும் தோட்டத்தில் பேர் இல்லை. பேர் இல்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை.

அந்த நாலு நாளும் ஜெயந்தினி புதிதாக எதுவும் செய்யவில்லை. வாயைத் துடைத்தாள், தண்ணீரை வடித்தாள், இரேஷாவும் அவளுமாகப் புரட்டினார்கள், காலை மடக்கி நீட்டினார்கள், கண்ணில் மருந்திட்டு இமையை மூடினார்கள், கை கழுவினார்கள். சனிக்கிழமை காய்ச்சல் நூற்றொன்று, ஞாயிறு நூறு. திங்கட்கிழமை மயக்க மருந்தை நிறுத்தினார்கள். மீனம்மா கண்ணைத் திறந்தாள். கை குழாயை நோக்கி எழுந்தது. வீரய்யா அந்தக் கையைப் பிடித்தார். "தொடாத புள்ள. அது மூச்சுக் குழாய். நாந்தான், இங்கதான் இருக்கேன்" என்றார். கை இறங்கியது. செவ்வாய்க்கிழமை பகல் குழாயை எடுத்தார்கள்.

அவளுக்கு முதலில் குரல் வரவில்லை. சாயங்காலம் கரகரவென்று வந்தது. பால் ஊற்றிய கதையை, அன்று வீரய்யாவுக்குப் பதிலாக உள்ளே வந்த நாகலெட்சுமி அழுதுகொண்டே சொல்லி மன்னிப்புக் கேட்டாள். மீனம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூச்சு வாங்கி மூச்சு வாங்கிச் சொன்னாள்:

"எட்டுப் பேரு பேர விட்டுட்டு வந்தீங்களா எனக்குப் பால் ஊத்த? நல்லா இருக்கயில ஒரு தேத்தண்ணி ஊத்துனியா நீயி?"

நாகலெட்சுமி சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். ஜெயந்தினி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஐந்தாம் கட்டிலுக்குப் போனாள். அங்கே தலையணை கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது.

அன்று வேலை முடிந்து, பஸ் வரும்வரை இருந்த அரை மணி நேரத்தில், பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அவள் தமிழில் எழுதினாள்: மிஷினில் இருப்பவர் இறந்தவர் அல்ல. கை கழுவிவிட்டு வாருங்கள். பால், தீர்த்தம், சம்சம் தண்ணீர், பிக்குமார் பிரித் ஓதிய தண்ணீர் எதையும் வாயில் விடாதீர்கள். கட்டிலை இறக்காதீர்கள். அவருக்குக் காது கேட்கும், பேசுங்கள்.

சிவப்பு பிளாஸ்டரால் கதவில் ஒட்டினாள். மறுநாள் அனுமதி முத்திரை இல்லை என்று யாரோ கழற்றிவிட்டார்கள். மறுபடியும் எழுதி ஒட்டினாள். இரண்டாவது முறையும் போயிற்று. மூன்றாவது தாளை எழுதும்போது பையிலிருந்த வெளிநாட்டு விண்ணப்பத்தின் பின்பக்கம்தான் வெறுமையாகக் கிடைத்தது. அதிலேயே எழுதினாள். நான் கடைசியாகப் பார்த்தபோது அது கதவில் இருந்தது, ஒரு மூலை கிழிந்தபடி. அவள் இன்னும் எத்தனை தாள் எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது. களைத்துப்போயிருக்கிறாள்.

ஆகவே இனி உங்கள் வேலை. அடுத்த முறை இப்படி ஒரு கதவுக்கு முன்னால் நிற்க நேர்ந்தால், முதலில் கை கழுவுங்கள். பிறகு அந்த அறிவிப்பு உங்களுக்கு விளங்குகிற மொழியில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே எத்தனை நோயாளிக்கு எத்தனை தாதி என்று எண்ணுங்கள். குறைவாக இருந்தால் தாதியைத் திட்டாதீர்கள். அலுவலகத்துக்குப் போய் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, தமிழ் அறிவிப்பு ஏன் இல்லை, ஆட்கள் ஏன் இல்லை என்று எழுதி, பெயரும் தேதியும் போட்டுக் கையளியுங்கள். பதில் வராவிட்டால் இரண்டாவது தாளை எழுதுங்கள். மூன்றாவதையும் எழுதுங்கள்.